தனுஷ்கோடி: கப்பல் மாறுகிற இடம்

நேயர்களுக்கு வணக்கம். தனுஷ்கோடி ரயில் நிலையம் என்றதும் உங்களில் பலருக்கு 1964 புயல்தான் நினைவுக்கு வரும். அதற்கும் வருகிறேன். ஆனால் அந்த ஒரு ராத்திரிக்கு முன்னால் அந்த ஸ்டேஷன் ஐம்பது வருஷம் வாழ்ந்திருக்கிறது. அந்த வாழ்க்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்தது. அதுவரை கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பலேறி நெடுந்தூரம் கடலில் போக வேண்டும். பாலம் வந்த பிறகு, தனுஷ்கோடியில் இறங்கினால் எதிரே இலங்கையின் தலைமன்னார், கப்பலில் சுமார் 35 கிலோமீட்டர். அக்கரையில் கொழும்பு ரயில் நிற்கும். எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட் கொழும்பு வரை செல்லும்! ரயிலும் கப்பலும் சேர்ந்த பயணம் என்பதால்தான் அந்த ரயிலுக்குப் போட் மெயில் என்று பெயர். இன்னொன்று சொல்கிறேன், பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போனதுதான் அன்று பிரதான பாதை. ராமேஸ்வரம் வெறும் கிளை.

எங்கள் அம்மாயி சின்ன வயதில் இந்த வழியாகக் கண்டிச் சீமைக்கு, அதாவது இலங்கை மலைநாட்டுக்கு, போனவர். மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்தி வைத்தார்களாம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் காலராவோ அம்மையோ கொண்டுபோகக் கூடாது என்று அங்கே நிறுத்துவது வழக்கம். அப்புறம் தனுஷ்கோடி. டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டியதும், கட்டுச்சோற்றில் மணல் விழுந்ததும், கப்பல் ஊதியபோது அவருடைய அம்மா கையை இறுக்கிப் பிடித்ததும் கடைசி வரை ஞாபகம் இருந்தது. ஊர் பெயரை அவர் சொன்னதே இல்லை. "கப்பல் மாறுற இடம்" என்பார். எனக்கும் அது அப்படித்தான் பதிந்துவிட்டது. அது வெறும் இடிபாடு இல்லை, கப்பல் மாறுகிற இடம்.

சரி, புயல். டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கும்போது அலை அதை அடித்துக்கொண்டு போனது. நூறு பேருக்கு மேல் இருந்தார்கள், ஒருவரும் பிழைக்கவில்லை. சிதைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரி செய்துவிட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை மட்டும் திரும்பப் போடவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபரில்தான், இலங்கை, இந்தியப் பிரதமர்களின் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கைத் தோட்டத் தமிழர்கள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது. தனுஷ்கோடி வழியாகப் போனவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் திரும்பி வந்தபோது அந்த ஸ்டேஷன் இல்லை. தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்து ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து அதே மண்டபம் முகாமுக்கு. அந்தக் கப்பலும் எண்பதுகளில் நின்றுபோனது. தனுஷ்கோடிக்கு 2019-இல் அடிக்கல் நாட்டிய புதிய ரயில் பாதையைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை.

தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடிகிற அரிச்சல்முனைக்குப் போகிறவர்கள் வழியில் ரயில்வே தண்ணீர்த் தொட்டியின் மிச்சத்தைப் பார்க்கலாம். ஐந்து நிமிஷம் அங்கே இறங்கி நில்லுங்கள். வணக்கம்.