ஒரு கண்டெய்னர் காபியின் கணக்கு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நியாய வணிகத்தால், அதாவது குறைந்தபட்ச விலையை உறுதி செய்து வாங்கும் ஃபேர்டிரேட் ஏற்பாட்டால், விவசாயிக்கு என்ன கிடைக்கிறது என்று பேச வந்திருக்கிறோம். வாழை, கோகோ, தேயிலை, பருத்தி என்று இந்த ஏற்பாட்டின் முத்திரை பல பொருள்களுக்குப் போய்விட்டது. ஆனால் அது பிறந்தது காபியில், மெக்சிகோ நாட்டின் ஓஹாகா மாநிலத்து மலையில். அதனால் காபியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த மாநிலத்து டெஹுவான்டபெக் பகுதியின் பழங்குடிச் சமூகங்கள் 1980களின் தொடக்கத்தில் யு.சி.ஐ.ஆர்.ஐ. என்ற கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டினார்கள். அவர்களோடு வாழ்ந்த டச்சுப் பாதிரியார் பிரான்ஸ் வான் டெர் ஹாஃபும், நெதர்லாந்தில் இருந்த நிகோ ரூசனும் சேர்ந்து 1988இல் மாக்ஸ் ஹாவெலார் என்ற நியாய வணிக முத்திரையைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டே முத்திரை குத்திய காபி டச்சுக் கடைகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் சர்வதேசக் காபி ஒப்பந்தத்தின்படி ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் விற்கலாம் என்றிருந்த ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை முறிந்தது. அதுவரை ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 450 கிராமுக்கு, 1.20 டாலரிலிருந்து 1.40 டாலருக்குள் விலையைப் பிடித்து வைத்திருந்த அணை அது. 2001 கடைசியில் உலகச் சந்தைக்கு அளவுகோலான நியூயார்க் காபி விலை 45 சென்ட்டுக்கும் கீழே போனது. அப்போது இந்த முத்திரையில் விற்ற காபிக்குக் குறைந்தபட்ச விலை 1.21 டாலர், அதன்மேல் 5 சென்ட் ஊக்கத்தொகை. ஏறக்குறைய மூன்று மடங்கு! அந்த ஆண்டுகளில் மரத்தை வெட்டிப்போடாமல் வைத்திருக்கப் பல குடும்பங்களுக்கு இந்த விலைதான் கைகொடுத்தது. இதைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

விதி எளிது. கழுவிப் பதப்படுத்திய அரபிகா வகைக் காபிக்கு 2011 முதல் 1.40 டாலர், 2023 ஆகஸ்ட் முதல் 1.80 டாலர் குறைந்தபட்ச விலை. சந்தை விலை அதற்குமேல் போனால் சந்தை விலையைத் தர வேண்டும். இரண்டில் எதுவானாலும் பவுண்டுக்கு 20 சென்ட் ஊக்கத்தொகை தனி. அதில் 5 சென்ட்டாவது விளைச்சலுக்கும் தரத்துக்கும் செலவாக வேண்டும். மீதியை என்ன செய்வது என்று உறுப்பினர்கள் பொதுக்குழுவில் முடிவு செய்ய வேண்டும். விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் கேட்டால், ஒப்பந்தத் தொகையில் 60 சதவீதம் வரை வாங்குபவர் முன்பணமாகக் கொடுக்க வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த 1.80 டாலர் விவசாயி கைக்கு வரும் விலை கிடையாது. அது துறைமுகத்தில் கப்பலேற்றும் விலை, சங்கத்துக்கு வருவது. நியாய வணிகத்தைப் பற்றிய பாதிக் குழப்பம் இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது. தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் கணக்கு புரியும்.

மரத்திலிருந்து பறித்த சிவந்த பழத்தை அன்றைக்கே பல்ப்பர் என்ற தோலுரிக்கும் இயந்திரத்தில் போட்டுத் தோலை நீக்க வேண்டும். கொட்டையைச் சுற்றியுள்ள வழவழப்பு கரைய, குளிருக்கு ஏற்ப 12 முதல் 36 மணி நேரம் தொட்டியில் ஊற வேண்டும். பிறகு கழுவிக் களத்தில் உலர்த்த வேண்டும். ஈரம் 12 சதவீதத்துக்குக் கீழே வரும் வரை, வெயில் இருந்தால் ஒரு வாரம், மூடுபனி இறங்கினால் இரண்டு வாரம். 100 கிலோ பழத்தில் 20 கிலோ பார்ச்மென்ட், அதாவது உமியோடு உலர்ந்த கொட்டை, தேறும். ஆலையில் அதன் உமியை நீக்கினால் ஏற்றுமதிக்கு நிற்பது 16 கிலோ.

சங்கத்தின் தராசில் மூட்டை ஏறும்போதுதான் சோதனை. ஈரமானி 14 காட்டினால் எடையில் கழிவு. தொட்டியில் சில மணி நேரம் கூடுதலாகக் கிடந்த கொட்டை புளித்து நாறும். கைப்பிடி அளவு போதும், மூட்டை முழுவதும் ஏற்றுமதித் தரத்தை இழக்கும். அந்த மூட்டைக்கு எந்தக் குறைந்தபட்ச விலையும் பாதுகாப்புத் தராது, உள்ளூர்ச் சந்தைக்குத்தான் போகும். அதனால்தான் அந்த 5 சென்ட்டில் ஊருக்கு ஊர் கழுவும் தொட்டியும் சிமெண்டுக் களமும் கட்டிய சங்கங்கள், பணத்தைப் பகிர்ந்து கொடுத்த சங்கங்களைவிடப் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டன என்பது என் கருத்து.

ஒரு கண்டெய்னரில் 69 கிலோ மூட்டை 275 ஏறும். ஏறத்தாழ 41,800 பவுண்டு. ஊக்கத்தொகை மட்டும் சுமார் 8,360 டாலர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஒரு ஹெக்டேரில் 400 கிலோ எடுக்கும் குடும்பம் என்று வைத்துக்கொண்டால், இந்தக் கண்டெய்னரை நிரப்ப 47 குடும்பம் வேண்டும். குடும்பத்துக்கு 177 டாலர்.

இப்போது விலையைப் பாருங்கள். சந்தை 1.10 டாலரில் கிடக்கிறது என்று கொள்வோம். ஆலைக்கூலி, சாக்கு, லாரி, துறைமுகச் செலவு, சங்க அலுவலகம், முத்திரைக்கான சான்றுக் கட்டணம் எல்லாம் சேர்த்துப் பவுண்டுக்கு 35 சென்ட். முழுவதும் 1.80க்கு விற்றால் விவசாயிக்கு 1.45. ஆனால் சான்று பெற்ற சங்கம் தன் காபி முழுவதையும் முத்திரை விலையில் விற்பது அரிது. அந்த விலையில் வாங்க ஆள் இருக்கும் அளவுக்குத்தான் விற்க முடியும், மீதி சாதாரணச் சந்தைக்குப் போகிறது. மூன்றில் ஒரு பங்கு மட்டும் 1.80க்கும், மீதி 1.10க்கும் போனால் சராசரி 1.33. செலவு போக 98 சென்ட். வாசலுக்கு வரும் வியாபாரி 90 சென்ட் கொடுத்தால், வித்தியாசம் 8 சென்ட். 400 கிலோ என்பது 882 பவுண்டு. ஆண்டுக்கு 70 டாலர்! ஊக்கத்தொகையும் அந்த ஒரு பங்குக்குத்தான் வரும். இவை விளக்கத்துக்காக எடுத்த எண்கள். ஆனால் குவாத்தமாலா கூட்டுறவுச் சங்கங்களின் பல ஆண்டு விற்பனைப் பதிவுகளை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் அலன் டி ஜான்வ்ரி குழுவினர் கண்டதும் இதுதான். விலை நல்லதாக இருந்தால் மேலும் மேலும் சங்கங்கள் சான்று வாங்குகின்றன, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு சுருங்குகிறது, கடைசியில் ஆதாயம் கரைந்துபோகிறது.

வாசலுக்கு வரும் அந்த வியாபாரியை லத்தீன் அமெரிக்காவில் கொயோட்டே என்பார்கள், ஓநாய் இனத்து விலங்கின் பெயர். அவரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவரிடம் ஏன் விற்கிறார்கள்? அறுவடைப் பணம் தீர்ந்து, அடுத்த சோளம் விளையாத காலத்தை அங்கே மெலிந்த மாதங்கள் என்கிறார்கள். அந்த மாதத்தில் அவர் கையில் பணம் வைக்கிறார், பிஞ்சிலேயே விலை பேசிவிடுகிறார். ஈரம் பார்ப்பதில்லை, தரம் பார்ப்பதில்லை. சங்கமோ மூட்டையை வாங்கும்போது ஒரு பகுதியைத் தரும், பாக்கியைக் கப்பல் போய்ப் பணம் வந்த பிறகு, சில மாதம் கழித்துத் தரும். பள்ளிக்கூடச் செலவும் மருந்துச் செலவும் அதுவரை காத்திருக்குமா? 60 சதவீத முன்பண விதியைத்தான் நான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி என்பேன். விதி இருக்கிறது. ஆனால் சங்கம் கேட்டால்தான் உண்டு. வாங்குபவரை இழந்துவிடுவோமோ என்று அஞ்சிக் கேட்காத சங்கம், வெளியே வட்டிக்கு வாங்கி அந்த வட்டியை விவசாயி தலையில் கட்டுகிறது.

விலை ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2020 நடுவில் ஒரு டாலர் அளவில் இருந்த விலை, 2021 ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்த பிறகு ஓடி, 2022 பிப்ரவரியில் இரண்டரை டாலரைத் தாண்டியது. முன்கூட்டியே பழைய விலையில் ஒப்பந்தம் போட்ட சங்கங்கள் மாட்டிக்கொண்டன. உறுப்பினர்கள் வெளியே விற்றார்கள், கொடுக்க வேண்டிய மூட்டை சேரவில்லை, கொலம்பியாவில் ஒப்பந்தங்கள் பெருமளவில் தவறின. 2025 தொடக்கத்தில் நான்கு டாலரைத் தாண்டியபோதும் நெருக்கடி அதே இடத்தில்தான். ஒரே அளவு மூட்டையை வாங்கப் பல மடங்கு ரொக்கம் வேண்டும், சங்கத்துக்கு அதைக் கடன் தர வங்கி தயங்கும்.

கடைசியாக, இந்தக் கணக்கில் இதுவரை வராத ஒருவர். 400 கிலோ காபிக்கு 2,500 கிலோ பழம் பறிக்க வேண்டும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பறித்தால் நாளுக்கு 50 கிலோ என்று வையுங்கள், 50 ஆள் நாள். குடும்பம் சிறியதானால் கூலிக்கு ஆள் வைத்தே ஆக வேண்டும். லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் கல்லூரி ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் நான்கு ஆண்டு ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட அறிக்கை, முத்திரை பெற்ற சங்கங்கள் இருந்த பகுதிகளில் கூலியாட்களின் நிலை மற்ற பகுதிகளைவிட மேலாக இல்லை, பல இடங்களில் கூலி குறைவாகவே இருந்தது என்றது. சிறு விவசாயிகளின் பகுதியைப் பெரிய தோட்டங்களோடு ஒப்பிட்டது முறையல்ல என்று நியாய வணிக அமைப்பு மறுத்தது. அந்த மறுப்பில் நியாயம் உண்டு. ஒரு ஹெக்டேர் வைத்திருப்பவரால் பெரிய தோட்டத்துக் கூலி கொடுக்க முடியாது. ஆனாலும் பொதுக்குழுவில் கை தூக்குபவர் நிலம் உள்ளவர் மட்டுமே. பழக் கூடையைத் தராசில் வைப்பவருக்கு அங்கே நாற்காலி இல்லை. ஊக்கத்தொகை பற்றி முடிவு செய்யும் கூட்டத்தில், பறிப்பவர்களுக்கான எடைக்கூலியையும் அறுவடைக்காலத் தங்குமிடத்தையும் முதல் பொருளாக எடுக்கச் சொல்லி வாங்குபவர்கள் கேட்கலாம். விதி அதைத் தடுக்கவில்லை.