படம் காட்டிய வின்சென்ட்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

களக்காட்டுப் பக்கமோ திசையன்விளைப் பக்கமோ டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தவர்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சாயங்காலம் கொட்டகையில் ரெக்கார்டு போட்டதும் ஊரெல்லாம் அடுப்பு வேலை அவசரமாக முடியும். நடிகர்களைக் கேட்டால் வரிசையாகச் சொல்வோம். ஆனால் கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படத்தைக் கொண்டுபோனவர் யார்?

சாமிக்கண்ணு வின்சென்ட். கோயம்புத்தூர்க்காரர், 1883-இல் பிறந்தவர். திருச்சியில் ரயில்வேயில் வரைவாளர் வேலை. 1905-இல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டிக்கொண்டு அங்கே வந்தார். வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போக, சாமான்களை விற்றுவிட்டு ஊர் திரும்ப நினைத்தார். வின்சென்ட் பணம் புரட்டி, 2,000 ரூபாய் அளவில் கொடுத்து, புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கிவிட்டார். அந்தக் காலத்து இரண்டாயிரம்! அப்போது அவருக்கு வயது 22தான். உத்தியோகத்தையும் விட்டார். நம்மூராக இருந்தால், "ரயில்வே வேலைய விட்டுட்டு படம் காட்டப் போறானாம்லா" என்று தெருவே பேசியிருக்கும்.

வாங்கிய படங்களில் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. பாளையங்கோட்டை நேயர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி என் பைத்தியத்துக்கு வருகிறேன். கைப்பிடியைச் சொல்கிறேன். அந்தக் கால புரொஜெக்டரைக் கையால்தான் சுற்ற வேண்டும், கைத் தையல் மிஷின் மாதிரி. சுருளில் வரிசையாக இருக்கும் சின்னச் சின்னப் படங்கள் விநாடிக்குச் சுமார் 16 ஓட வேண்டும். 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள். ஆக, விநாடிக்கு ஓர் அடி. ஆயிரம் அடிச் சுருள் என்றால் கால் மணி நேரத்துக்கு மேல் கை ஓயாமல் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் திரையில் ஆள் துள்ளுவான்; மெதுவாகச் சுற்றினால் படம் மினுக்கும். சுற்றுகிறவன் கைதான் படத்தின் நடை. சரி, நடுவில் நின்றுபோனால்? அது நைட்ரேட் சுருள். விளக்குச் சூட்டில் குப்பென்று பற்றிக்கொள்ளும். சுற்றிலும் ஓலை, கித்தான், ஜனம். அதனால்தான் சொல்கிறேன், சுற்றிய அந்தக் கையை மறக்கக் கூடாது. நடிகருக்குக் கட்-அவுட் வைத்தோம், சுற்றிய கைக்கு என்ன வைத்தோம்?

சரி, வின்சென்டுக்கு வருவோம். ஒரு கூடாரம், ஒரு மிஷின், சில சுருள்கள். இவற்றோடு தமிழ்நாட்டைச் சுற்றினார், சென்னை எஸ்பிளனேடில் காட்டினார். அப்புறம் பம்பாய், லாகூர், பெஷாவர் வரை போனார். மின்சாரம் எட்டாத ஊர்களிலும் ஜனங்கள் முதன்முதலாகச் சலனப்படம் பார்த்தது இவரைப் போன்றவர்களால்தான். தெற்கே கூடார சினிமாவைத் தொடங்கி வைத்தவர் என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் இவரைச் சொல்கிறார்கள். வரலாறு படிக்கிறவர்களுக்குத் தெரியும். படம் பார்க்கிற நமக்குத்தான் தெரியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். கோயம்புத்தூர்க் கதைக்குத்தான் அதிக நேரம் வைத்திருந்தேன்! வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1914-இல் அங்கே வெரைட்டி ஹால் என்ற நிலையான தியேட்டர் கட்டினார். அந்தச் சாலைக்கே இன்றும் வெரைட்டி ஹால் ரோடு என்றுதான் பெயர். 1933-இல் 'வள்ளி திருமணம்' பேசும்படத் தயாரிப்பில் சேர்ந்தார், கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. பிறகு கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1942-இல் காலமானார். ஸ்டுடியோ கதையை, நிலையத்தார் இன்னொரு முறை கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.