2013 இ3: கேம் காட்டியவர் தோற்றார், டிஸ்க் கொடுத்தவர் ஜெயித்தார்

வணக்கம் மக்களே. மைக்கில் சத்தம் ஏறுகிறது என்று ஃபேனை அணைத்துவிட்டுப் பேசுகிறேன், வியர்த்து வழிந்தால் கண்டுக்காதீர்கள்.

இ3 என்பது வீடியோ கேம் நிறுவனங்கள் புதுச் சரக்கைக் காட்டும் அமெரிக்கக் கண்காட்சி. 2013-இல் அங்கே சோனியின் பிளேஸ்டேஷன் 4-ம் (பிஎஸ்4) மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் நேருக்கு நேர் மோதின. அந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் ஒரே தீர்ப்புதான் சொல்வார்கள். சோனி வெளுத்து வாங்கியது, மைக்ரோசாஃப்ட் மண்ணைக் கவ்வியது. ரெண்டு நிகழ்ச்சியையும் முழுசாக மறுபடி போட்டுப் பார்த்தேன். தீர்ப்பு சரிதான். ஆனால் மேடையில் காட்டிய கேம்களுக்கு மட்டும் மார்க் போட்டால், என் கணக்கில் மைக்ரோசாஃப்ட்தான் முதலிடம்.

ரெண்டுமே ஜூன் 10, லாஸ் ஏஞ்சலஸில் நடந்தவை. நம்ம ஊர் நேரத்தில் மைக்ரோசாஃப்ட் திங்கள் ராத்திரி 10 மணிக்கு, சோனி செவ்வாய் காலை ஆறரைக்கு. மைக்ரோசாஃப்ட் வளவளவென்று பேசவில்லை. மெட்டல் கியர் சாலிட் 5-இல் தொடங்கி ரைஸ், டெட் ரைசிங் 3 என்று அடுத்தடுத்து இறக்கினார்கள். ஃபோர்ஸா 5-க்காக நிஜ மெக்லாரன் பி1 காரையே மேடையில் ஏற்றினார்கள். கடைசியில் டைட்டன்ஃபால். இன்றைக்குப் பார்த்தாலும் அந்த டெமோ சும்மா பறக்கிறது. ஆனால் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்குச் சொன்ன விலை: 499 டாலர். அரங்கம் சட்டென்று இறங்கிப்போனது.

விலையைக்கூட விடுங்கள். உண்மையான வெடி மேடைக்கு வெளியே இருந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இணையத்தில் தலைகாட்ட வேண்டும், இல்லாவிட்டால் கேம் ஓடாது என்றார்கள். டிஸ்கை நண்பனுக்குத் தர வேண்டும் என்றால், அவன் உங்கள் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்டில் குறைந்தது 30 நாள் இருந்திருக்க வேண்டும், அதுவும் ஒரு கேமை ஒரே ஒரு முறைதான் தரலாம் என்பது அன்றைய விதி. 2013-இல் தமிழ்நாட்டில் கரண்ட் இருந்த லட்சணம் தெரியும்தானே? சென்னையாவது தேவலை, வெளி மாவட்டங்களில் கரண்டே தினமும் தலைகாட்டினால் பெரிய விஷயம். இங்கே பாதிப் பேர் கேம் விளையாடியதே ஒருத்தன் வாங்கி நாலு பேர் மாற்றிக்கொள்ளும் கணக்கில்தான். சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டிஸ்கைக் கொடுத்து மேலே கொஞ்சம் காசு போட்டு வேறொன்று எடுத்த ஆட்களிடம் போய் இந்த விதியைச் சொல்லிப் பாருங்கள்.

இப்போது சோனி. நேர்மையாகச் சொன்னால் பாதி நேரம் இழுவை. அசாசின்ஸ் கிரீட் 4 டெமோ நடுவிலேயே திக்கித் திணறியது. ஃபைனல் ஃபேண்டஸி 15, கிங்டம் ஹார்ட்ஸ் 3 பெயரைக் கேட்டு அரங்கமே துள்ளியது. ஒன்று கைக்கு வந்தது 2016-இல், இன்னொன்று 2019-இல். இண்டி கேம்கள், அதாவது பெரிய நிறுவனம் பின்னால் இல்லாத சின்னக் குழுக்களின் கேம்கள் செய்பவர்களை வரிசையாக மேடையேற்றியது மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது.

பிறகு சோனியின் அமெரிக்க பிளேஸ்டேஷன் தலைவர் ஜாக் டிரெட்டன் வந்தார். பழைய டிஸ்க்குகளுக்குக் கட்டுப்பாடு கிடையாது, ஆஃப்லைனில் விளையாட இணையம் வேண்டாம் என்றார். புதுசாக எதையும் அவர் அறிவிக்கவில்லை, கவனியுங்கள். ஏற்கெனவே இருப்பது அப்படியே இருக்கும் என்றார், அவ்வளவுதான். அதற்கு எழுந்த ஆரவாரம் இருக்கிறதே, முதல் நாள் முதல் காட்சியில் ஹீரோ என்ட்ரிக்குத் தியேட்டர் அலறுமே, அந்த மாதிரி. கடைசியில் பிளேஸ்டேஷன் பிரிவின் தலைவர் ஆண்ட்ரூ ஹவுஸ் பிஎஸ்4 விலை 399 டாலர் என்றதும் கதை முடிந்தது. அதே நாளில் 'கேமைப் பகிர்வது எப்படி' என்று ஒரு குட்டி வீடியோவும் விட்டார்கள். சோனி ஆட்களான ஷுஹெய் யோஷிதாவும் ஆடம் பாய்ஸும்தான் அதில்: இவர் டிஸ்கை எடுத்து அவர் கையில் கொடுக்கிறார். மொத்த வீடியோவும் அவ்வளவுதான், அரை நிமிடம்கூட இல்லை!

ஆனால் அந்தக் கைதட்டலுக்கு நடுவில் சோனி ஒன்றை நைசாக நகர்த்திவிட்டது. பிஎஸ்3-இல் இலவசமாக இருந்த ஆன்லைன் மல்டிபிளேயருக்கு, பிஎஸ்4-இல் பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற சந்தா கட்ட வேண்டும். அரங்கில் பெரிதாக யாரும் கண்டுக்கவில்லை. 399-இலும் சூட்சுமம் உண்டு: கேமரா பெட்டியில் இல்லை, தனியாக வாங்க வேண்டும். எக்ஸ்பாக்ஸில் கினெக்ட் கேமரா வேண்டாம் என்றாலும் தலையில் கட்டினார்கள்.

சோனிக்கு இந்த வித்தை புதிதல்ல. 1995-இல் சேகா நிறுவனம் தன் சேட்டர்ன் கேம் கருவிக்கு 399 டாலர் என்று அறிவித்த அதே இ3-இல், சோனியின் ஸ்டீவ் ரேஸ் மேடையேறி முதல் பிளேஸ்டேஷனின் விலையாக '299' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். 2006-இல் அதே சோனி பிஎஸ்3-க்கு 599 டாலர் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

மைக்ரோசாஃப்ட் ஜூன் 19-ஆம் தேதியே அந்த விதிகளை வாபஸ் வாங்கியது. நமக்கு அதனால் என்ன லாபம்? பிஎஸ்4 2014 ஜனவரியில் 39,990 ரூபாய்க்கு இந்தியாவுக்கு வந்தது. எக்ஸ்பாக்ஸ் ஒன் வந்து சேர்ந்தது செப்டம்பரில், கினெக்ட் இல்லாமல் அதே 39,990. விலையும் ஒன்று, டிஸ்க் விதியும் ஒன்று. ஆனால் அதற்குள் டிஸ்க் மாற்றிக்கொள்ள ஆள் எந்தப் பக்கம் இருந்தது? என் வட்டாரத்தில் எல்லோரும் பிஎஸ்4 பக்கம்.

அடுத்த வீடியோவில் அந்த 2006 பிஎஸ்3 நிகழ்ச்சியை முழுசாக அலசலாம், அங்கே காட்டிய ஒரு கேமில் வந்து கிண்டலுக்கு ஆளான ராட்சச நண்டு உட்பட. சரி, ஃபேனைப் போடுகிறேன்.