மழைத் தண்ணீரும் பழைய சுவரும்

நேயர்களுக்கு வணக்கம். நகரத்தின் நடுப்பகுதியில் இருக்கும் பழைய கட்டடங்களைக் காப்பாற்றுவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சை எடுத்தால் நான் லேசில் விடமாட்டேன். நல்லவேளை, இங்கே கடிகாரம் இருக்கிறது.

பழைய கட்டடத்துக்கு ஆபத்து என்றால் எல்லோருக்கும் புல்டோசர்தான் நினைவுக்கு வரும். வரத்தான் செய்யும். நியூயார்க்கில் 1910-இல் திறந்த பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்க ஆரம்பித்தார்கள். அத்தனை பெரிய கருங்கல் தூண்களையும் உடைத்து, பக்கத்து மாநிலத்துச் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்த ஆத்திரம் அடங்குவதற்குள், 1965-இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்க அந்த நகரத்தில் சட்டம் வந்தது.

சரி, சட்டம் வந்தால் கட்டடம் பிழைத்துவிடுமா? இடிக்க அனுமதி கிடைக்காதவர் ஒன்றுமே செய்ய வேண்டாம். கூரையைச் சில மழைக்காலம் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் போதும். மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் சுவருக்குள் இறங்கும், உத்திரத்தின் முனை உளுத்துப்போகும். அப்புறம் 'அபாயமான கட்டடம்' என்று பலகை மாட்டுவார்கள். அந்தப் பலகையைக் காட்டியே அனுமதியும் வாங்கிவிடலாம். தண்ணீர்தான் முதல் எதிரி. இன்று நான் சொல்ல வந்ததே இதுதான், அதனால் இன்னும் இரண்டு தடவை சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் என்ற கவிஞரும் அவருடைய நண்பர்களும் 1877-இல் பழைய கட்டடங்களுக்காக ஒரு சங்கம் தொடங்கியபோதே, அன்றாடப் பராமரிப்பால் அழிவைத் தடுங்கள் என்றுதான் எழுதிவைத்தார்கள். அன்றாடப் பராமரிப்பு என்றால் என்ன? ஏணி போட்டு ஏறி, குழாயில் அடைத்திருக்கும் சருகை அள்ளுவது. இதற்குத் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டில் பேர் வராது. அதனால்தானோ என்னவோ, யாரும் செய்வதில்லை.

அடுத்தது, அக்கறையோடு செய்யும் கெடுதல். சுவரில் ஓதம் ஏறுகிறது, காரை உதிர்கிறது. உடனே நல்ல கெட்டியாகச் சிமென்ட் பூசிவிடுகிறோம். அந்தச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. அது ஈரத்தை உறிஞ்சும், வெயிலடித்தால் வெளியே விட்டுவிடும். பருத்திச் சட்டையைக் கழற்றிவிட்டு மழைக்கோட்டை மாட்டிவிட்டால் உடம்பு என்ன பாடுபடும்? அந்தப் பாடுதான் சுவருக்கும். வெளியேற வழியில்லாத ஈரம் உள்ளேயே மேலே ஏறும். உப்பு பூக்கும். செங்கல் பொடியாகும்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். பூச்சு சுவரைப் பிடித்திருந்தால் கெட்டியான சத்தம் வரும், விட்டிருந்தால் பொள்ளென்று கேட்கும். அந்தப் பூச்சைப் பெயர்த்தால் செங்கல்லின் முகமும் அதோடு சேர்ந்து வந்துவிடும். இணைப்புக் காரையை ஓர் ஆணியால் கீறிப் பாருங்கள். பெரும்பாலும் சுண்ணாம்பு பொடியாக உதிரும், சிமென்ட்டில் கீறலே விழாது. காரை செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய்ந்தால் காரை தேயட்டும், அதை மறுபடி பூசிக்கொள்ளலாம். நூறு வருஷத்துச் செங்கல்லுக்கு எங்கே போவது? சுண்ணாம்பில் விழும் மயிரிழை விரிசலை ஈரம் பட்டுப் பட்டு அதுவே அடைத்துக்கொள்ளவும் செய்யும். சிமென்ட் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை, புதுக் கட்டடத்துக்குப் பூசுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் பாக்கியாம். பணத்தைப் பற்றிப் பேச எழுதி வைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகர நடுவில் நிலத்தின் விலைதான் கட்டடத்தை விழுங்குகிறது. அதே நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தின் தலைமேல் 50 மாடிக்கும் மேலே கட்டடம் எழுப்பப் பார்த்தார்கள். நகரம் மறுத்தது, 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்த மறுப்பு செல்லும் என்றது. ஆனால் மேலே கட்டாமல் விட்ட அந்த உரிமையை அக்கம்பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழி இருந்தது. நிலத்தின் விலையை இப்படி ஈடுகட்ட ஒரு வழி இருந்தால், உரிமையாளருக்கும் அந்தக் குழாயைச் சுத்தம் செய்ய மனசு வரும். மாடி அறைகளைக் காலியாகப் போடாமல் குடிவைப்பது பற்றியும் சொல்ல இருந்தேன், ஆள் இருந்தால் ஒழுகுவது அன்றைக்கே தெரிந்துவிடும் என்பதற்காக. நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.