புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறீர்களா? முதலில் பிராசசர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்!

ஒரு பக்கம் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090. ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விலை வைத்து இறங்கிய கார்டு. இன்னொரு பக்கம் சாதாரண ஐ5 12400 பிராசசருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வரும் இன்டெல் கிராஃபிக்ஸ். இன்றைய கேமராவில் எடுத்த கல்யாண வீடியோ ஒன்றை இரண்டிடமும் கொடுத்தால் ஒன்று திணறும், ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். திணறுவது எது? யோசித்து வையுங்கள், இப்போதே கமெண்டில் போட்டுவிடாதீர்கள், பாதிப் பேர் தப்பாகத்தான் போடப் போகிறீர்கள்.

"அண்ணா, பிசி ஸ்லோவா இருக்கு, என்ன கார்டு போடலாம்?" எடிட்டிங், டிசைன் செய்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது, சொல்கிறவர் ஏதோ கார்டு விற்கிறார் என்று அர்த்தம். எதில் ஸ்லோ? வீடியோத் துண்டுகளை அடுக்கும் டைம்லைனை இழுக்கும்போதா, எக்ஸ்போர்ட்டிலா, ஃபோட்டோஷாப்பில் பெரிய ஃபிளெக்ஸ் ஃபைலைச் சேமிக்கும்போதா? எங்கே உட்கார்ந்து காத்திருக்கிறீர்கள் என்பது தெரிந்த பிறகுதான் பர்ஸைத் தொட வேண்டும்.

பழைய கதையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன், யாருக்கும் பிடிக்காத பகுதி. ஃபோட்டோஷாப், வீடியோ எடிட் செய்யும் பிரீமியர் எல்லாம் அடோபி நிறுவனத்துடையவை. 2012இல் வந்த சிஎஸ்6தான் அடோபியிடம் ஒரே தடவை காசு கொடுத்து வாங்க முடிந்த கடைசி கிரியேட்டிவ் சூட் தொகுப்பு. 2013 மே மாதம் 'இனிமேல் எல்லாம் சந்தாதான்' என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னால் 'புதுப் பதிப்புக்குக் காசு போடலாமா வேண்டாமா' என்பது ஒரு முடிவு, இப்போது மாதா மாதம் காசு தானாகவே போகிறது. எதிர்ப்பக்கத்தில் டாவின்சி ரிசால்வ் என்கிற வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேருக்கு இலவசப் பதிப்பு இருக்கிறது, ஸ்டூடியோ பதிப்பு 295 டாலர். அஃபினிட்டி என்கிற டிசைன் சாஃப்ட்வேரை 2024இல் கேன்வா நிறுவனம் வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாகவே விட்டுவிட்டது. சரி, வரலாறு முடிந்தது.

(திரையில்: டாஸ்க் மேனேஜர்)

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். பெர்ஃபார்மன்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். இதைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கமான வேலையைச் செய்யுங்கள், கம்ப்யூட்டர் திணறுகிற நேரம் பார்த்து இங்கே ஒரு கண் வையுங்கள். மெமரி 90 சதவீதத்துக்கு மேலே போய் டிஸ்க்கும் துடிக்கிறதா? ரேம் போதவில்லை. டிஸ்க் மட்டும் 100இல் நிற்கிறதா, உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கா? எஸ்எஸ்டி போடுங்கள், அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. நொடிக்கு 150 எம்பி படிக்கிற இடத்தில் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே 500ஐத் தாண்டும்.

எதுவுமே நிரம்பவில்லை, சிபியு, அதாவது பிராசசர், வெறும் 15 சதவீதம் காட்டுகிறது, ஆனால் வேலை நகரவில்லையா? பிராசசருக்குள் கோர் என்று பல வேலைக்காரர்கள் உண்டு, சாஃப்ட்வேர் அதில் ஒரே ஒரு கோரை வைத்து முக்கிக்கொண்டிருக்கிறது, மற்ற கோர் எல்லாம் டீ குடிக்கப் போய்விட்டன. அங்கே 16 கோர் பிராசசர் வாங்கி மாட்டினாலும் டீ குடிக்கிறவர்களின் எண்ணிக்கைதான் கூடும். அடோபியின் அனிமேஷன் சாஃப்ட்வேரான ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பல வருடம் இப்படித்தான் இருந்தது. 2021 அக்டோபரில் வந்த பதிப்பில்தான் பல ஃப்ரேம்களை ஒரே நேரத்தில் ரெண்டர் செய்யும் வசதியைச் சேர்த்தார்கள். சந்தா கட்டிக்கொண்டே அதற்கு முந்தைய பதிப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் கையில் இருந்த வேகத்தைத் தொடாமலே விட்டார்கள்.

இப்போது முக்கியமான இடம். இதே பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியுவை, அதாவது கிராஃபிக்ஸை, அழுத்தினால் 'வீடியோ டிகோட்' என்று ஒரு சின்னக் கட்டம் தெரியும். சுருக்கி வைத்த வீடியோவை விரித்துப் படிக்கிற வேலைதான் டிகோட். யாரும் அதைப் பார்ப்பதில்லை, எனக்கு இந்தத் திரையிலேயே பிடித்தது அதுதான்.

(திரையில்: சிபியு 100, வீடியோ டிகோட் 0)

சிபியு முட்டி நிற்கிறது, இந்தக் கட்டம் மட்டும் சுழியத்தில் படுத்திருக்கிறது என்றால், உங்கள் கார்டுக்கு அந்த வீடியோவைப் படிக்கவே தெரியவில்லை என்று அர்த்தம். ஏன் தெரியாது? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதற்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் எவ்வளவு என்று கேமரா தனித்தனியாக எழுதி வைக்கும். நிறத்தை மட்டும் கஞ்சத்தனமாக எழுதும், நம் கண் வெளிச்சத்தைப் பார்க்கிற நுணுக்கத்தோடு நிறத்தைப் பார்க்காது என்பதால் யாருக்கும் தெரியாது. நான்கு பிக்சலுக்கு ஒரு நிறக் குறிப்பு என்றால் 4:2:0. நான்குக்கு இரண்டு என்றால் 4:2:2. ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒன்று என்றால் 4:4:4. நீங்கள் இந்த நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கிற வீடியோ 4:2:0தான். ஆனால் 2020இல் வந்த கேனான் ஆர்6, 2021இல் வந்த சோனி ஏ7 ஃபோர் எல்லாம் 10 பிட் 4:2:2 எடுக்கும், 10 பிட் என்றால் ஒவ்வொரு குறிப்பையும் இன்னும் நுணுக்கமாக எழுதுவது. முகூர்த்தப் பட்டின் சிவப்பைக் கலர் கிரேடிங்கில், அதாவது நிறம் திருத்தும்போது, இழுத்தாலும் பிசிறடிக்காமல் இருக்கும் என்பதால் கல்யாணம் எடுக்கிறவர்கள் அதில் எடுக்கிறார்கள், நியாயம்தான். அதை ஹெச்.265 என்கிற முறையில் சுருக்கி மெமரி கார்டில் போடுகிறார்கள், அங்கேதான் சிக்கல்.

என்விடியாவின் டிகோடருக்கு ஹெச்.265இல் 4:2:0 தெரியும். அதைவிடக் கனமான 4:4:4ம் தெரியும், 2018இல் வந்த 20 சீரிஸ் காலத்திலிருந்தே. நடுவில் இருக்கிற 4:2:2 மட்டும் தெரியாது! 20 சீரிஸுக்குத் தெரியாது, 30க்குத் தெரியாது, 4090க்கும் தெரியாது. 2025 ஜனவரியில் அறிமுகமான 50 சீரிஸில்தான் சேர்த்தார்கள். இன்டெல் என்ன செய்தது? டெஸ்க்டாப்பில் 2021இல் வந்த 11ஆம் தலைமுறையிலிருந்தே தன் உள் கிராஃபிக்ஸில் அமைதியாகப் போட்டுவிட்டது, யாரும் போஸ்டர் ஒட்டவில்லை. ஊரே கொண்டாடும் பிரியாணி மாஸ்டருக்கு இடியாப்பம் பிழியத் தெரியாது, பக்கத்து வீட்டு அத்தை கண்ணை மூடிக்கொண்டு பிழிவார், அதே கதைதான். ஆகவே முதலில் கேட்ட கேள்விக்கு விடை: திணறுவது 4090. அது டிகோட் வேலையை அப்படியே சிபியு தலையில் கட்டிவிடுகிறது. 'ஃபேன் கூட இல்லாத எம்1 மேக்புக் ஏரில் கல்யாண ஃபுட்டேஜ் வெண்ணெயாக ஓடுகிறதே' என்று 2020இல் எல்லோரும் வியந்ததற்கும் பெரிய காரணம் இதுதான், ஆப்பிள் அந்த டிகோடரை உள்ளே வைத்திருந்தது.

வேடிக்கை இன்னும் இருக்கிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பிசிக்குக் கொட்டேஷன் கேட்டால், 'தனியா கார்டு போடறீங்கள்ல, எஃப் மாடல் எடுத்துக்கோங்க, காசு மிச்சம்' என்பார்கள். 12400, 12400எஃப் என்று இரண்டு இருக்கும். கடைசியில் எஃப் இருந்தால் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. கேம் விளையாடுகிறவருக்கு அது நல்ல யோசனை, சந்தேகமே இல்லை. எடிட்டருக்கு? ஒன்றிரண்டு ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய், டைம்லைனை ஓட்ட வேண்டிய சாமானையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருகிறார். என் கருத்தைக் கேட்டால், எடிட்டிங் பிசிக்கு எஃப் மாடல் எழுதிக் கொடுப்பதைக் குற்றப் பட்டியலில் சேர்க்கலாம்.

எஃப் இல்லாத பிராசசர் வைத்திருந்தும் ஓடவில்லையா? தனிக் கார்டு போட்டதும் சில மதர்போர்டுகள் உள் கிராஃபிக்ஸை அணைத்துவிடும். பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங்கில், போய் அதை எழுப்புங்கள், இன்டெல் டிரைவரைப் போடுங்கள், பிரீமியரில் மீடியா செட்டிங்கில் இன்டெல் டிக் இருக்கிறதா பாருங்கள். செலவு பூஜ்யம். எஃப்தான் மாட்டியிருக்கிறது என்றால் இன்டெல் ஆர்க் ஏ380 மாதிரி ஒரு சின்ன கார்டு போதும். அதுவும் வேண்டாம் என்றால் பிராக்ஸி. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் லேசான நகல் ஃபைல்கள் தயாராக இருக்கும், அவற்றில் எடிட் செய்து ஒரிஜினலில் எக்ஸ்போர்ட் செய்யலாம். ஒரு விஷயம், நான் சொன்னதெல்லாம் ஹெச்.265க்கு. சோனியில் அது எக்ஸ்ஏவிசி ஹெச்எஸ். வெறும் எக்ஸ்ஏவிசி எஸ் என்றால் ஹெச்.264 என்கிற பழைய சுருக்கும் முறை, அதில் 10 பிட் 4:2:2வை இந்த இன்டெல்லும் கைவிட்டுவிடும். கேமரா மெனுவில் மாற்றுவதற்கும் காசு கிடையாது. இந்த இடத்தில் ஒரு லைக் கேட்டால் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்து சாஃப்ட்வேரை எப்போது ஏற்றுவது. பாதி வேலையில் ஏற்றாதீர்கள். புதுப் பிரீமியரில் திறந்து சேமித்த புராஜெக்டைப் பழைய பிரீமியர் திறக்காது, ரிசால்விலும் டேட்டாபேஸ் ஒரு தடவை மேலே போனால் கீழே இறங்காது. ஆல்பமும் வீடியோவும் டெலிவரி ஆகி, பாக்கிப் பணமும் கைக்கு வந்த பிறகு பேக்கப் எடுத்துவிட்டு ஏற்றுங்கள். அடோபியின் கிரியேட்டிவ் கிளவுடில் அப்டேட் செய்யும்போது பழைய பதிப்பை நீக்கும் டிக்கை எடுத்துவிட்டால் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு இன்னும் ஒரு வருடம். விண்டோஸ் 11 முறைப்படி இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே ஏறாது. நெட்டில் மாட்டாத எடிட்டிங் பிசி என்றால் பதறத் தேவையில்லை, அதே பிசியில் பேங்க் வேலையும் பார்க்கிறவர்கள் பதறலாம்.

ரேம்? நேரம் சரியில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் வாரிக்கொண்டு போவதால் விலை ஏறி, 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் குருஷியல் என்ற சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. டாஸ்க் மேனேஜர் கேட்டால் மட்டும் வாங்குங்கள், ஆசைக்கு வாங்காதீர்கள்.

கடைசியாக, பிரஸ் வைத்திருக்கிறவர்களுக்கு. பக்கம் வடிவமைக்கும் சாஃப்ட்வேரான பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல், 2004இல் அடோபி அதன் வளர்ச்சியையே நிறுத்திவிட்டது, ஆனாலும் நம் ஊர் டிடிபி கடைகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்களைக் கிண்டல் செய்ய மாட்டேன். யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்களில் இருபது வருடப் பத்திரிகை, நோட்டீஸ், பாடப்புத்தகம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அதே வேலைக்கு அடோபி விற்கிற புது இன்டிசைனுக்குத் தாவினால் வாசகங்களை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, திரும்ப மெய்ப்புப் பார்க்க வேண்டும், அந்தக் கூலி சாஃப்ட்வேர் விலையைவிட அதிகம். டைப் 1 என்கிற பழைய வகை எழுத்துரு ஃபைல் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள், 2023 ஜனவரியோடு அடோபி அதற்கு ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய பிசி ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி வைத்துக்கொண்டு புது வேலையை மட்டும் யூனிகோடில் தொடங்குவது நல்ல வழி.

அப்புறம், ஃபோட்டோஷாப்பில் யூனிகோடில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு திசையிலும் கால் ஒரு திசையிலும் போகிறது என்று புதுப் பதிப்புக்கு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். சிசி என்கிற சந்தாப் பதிப்பு ஏதாவது இருந்தால் பிரிஃபரன்ஸில் டைப் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் இன்ஜினை சவுத் ஏசியன் என்றிருப்பதற்கு மாற்றுங்கள், பிறகு வந்த சில பதிப்புகளில் வேர்ல்ட் ரெடி என்றிருக்கும். ஃபோட்டோஷாப்பை மூடித் திறந்து, புது ஃபைலில் அடித்துப் பாருங்கள்.

உங்கள் கேமரா மாடல், எந்த ஃபார்மட்டில் எடுக்கிறீர்கள், பிராசசர் பெயர் முழுதாக, டாஸ்க் மேனேஜர் காட்டியது என்ன, இந்த நான்கையும் கமெண்டில் போடுங்கள், பார்த்துப் பதில் சொல்கிறேன். "அண்ணா, நல்ல பிசி சொல்லுங்க" என்று மட்டும் போடுகிறவர்களுக்கு இந்த வீடியோவின் லிங்க்தான் பதிலாக வரும்.