முட்டைத் திருடி இல்லை

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பாலர் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டே கேட்க வந்திருக்கும் பெற்றோருக்கும், ஆசிரியர்களுக்கும், பின்வரிசையில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் என் அன்பு.

சின்னப் பிள்ளைகளுக்கு டைனோசர் படக்கதை வரைவதுதான் சில வருடங்களாக என் வேலை. “பிள்ளைகள் சிரித்தால் போதும், பாடத்தைப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும்” என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. டைனோசர் விஷயத்தில் உண்மைக்குள்ளேயே வேண்டிய அளவு சிரிப்பு இருக்கிறது.

ஒரு கதை சொல்கிறேன். 1923-இல் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. கூடவே ஒரு கூடு நிறைய முட்டைகள். முட்டைகள் வேறொரு டைனோசருடையவை என்று அப்போது நினைத்தார்கள். திருட வந்த இடத்தில் செத்துப்போயிருக்கிறது என்று முடிவுகட்டி, 1924-இல் ‘ஓவிராப்டர்’ என்று பெயர் வைத்தார்கள். முட்டைத் திருடி என்று அர்த்தம். எழுபது வருடம் அந்தப் பழி போகவில்லை. 1993-இல் அதே மாதிரி முட்டை ஒன்றுக்குள் குஞ்சின் எலும்பு கிடைத்தது. பார்த்தால், ஓவிராப்டர் குடும்பத்துக் குஞ்சு! சொந்த முட்டையோடு இருந்ததைத்தான் திருடி என்று சொல்லியிருக்கிறார்கள்.

இதை நாலு கட்டத்தில் வரைந்தேன். முதல் கட்டத்தில் ஓவிராப்டர் அம்மா கூட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அடுத்ததில், தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் போடுகிற தொப்பி போட்ட ஒரு பெரிய டைனோசர் வந்து “யார் முட்டை இது?” என்று அதட்டும். “என் முட்டைங்க!” என்று அம்மா சொல்லும், ஒருவரும் நம்பமாட்டார்கள். கடைசிக் கட்டத்தில் முட்டை ஓட்டைப் பிளந்துகொண்டு குஞ்சு தலையை நீட்டி, “அம்மா, ஏன் இவ்வளவு கூட்டம்?” என்று கேட்கும்.

பக்கத்துத் தோட்டத்தில், முன்பு தொழிலாளர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையாக இருந்த கட்டடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டினேன். ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி எழுந்தாள். “எங்க பாட்டி கோழியும் இப்படித்தான். அடையில இருக்கும்போது கிட்டப் போனா கொத்தும்” என்றாள். சொன்னதோடு நிற்காமல், தரையில் குந்தி, இரண்டு கையையும் பக்கத்தில் விரித்து, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு முறைத்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்றால் ஓவிராப்டரின் உறவுக்கார டைனோசர் ஒன்று முட்டைகளைச் சுற்றிக் கையை விரித்து, அதே இருப்பில் கோபியிலேயே புதைபடிவமாகக் கிடைத்திருக்கிறது. அந்தப் பிள்ளை எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை, பாட்டி வீட்டுக் கோழியைப் பார்த்திருக்கிறாள்.

கோழியும் டைனோசர் வம்சம்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு பையன் கேட்டான்: “அப்ப நேத்து எங்க வீட்டுல வச்சது டைனோசர் குழம்பா?” ஆமாம் என்றேன். பறவைகளை டைனோசர்களில் ஒரு கிளையாகத்தான் இன்று அறிவியல் வைத்திருக்கிறது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் எத்தனை பேர் கோழிக்காலைக் கவனித்துப் பார்த்தார்களோ! அந்தச் செதிலும் நகமும் சொல்லாததையா நான் வரைந்து காட்டிவிடப் போகிறேன்?

இகுவானோடான் என்ற இன்னொரு டைனோசரின் கதையும் இப்படித்தான். கூம்பு மாதிரி ஓர் எலும்பு கிடைத்தது, அதை மூக்கின் மேல் கொம்பாக வைத்துவிட்டார்கள். லண்டனில் 1854-இல் செய்த சிலைகளுக்கு இன்றும் மூக்கில் கொம்புதான். 1878-இல் பெல்ஜிய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான் அது கட்டைவிரல் என்று தெரிந்தது. மூக்கில் கட்டைவிரல் முளைத்த படத்தைக் காட்டினால் சிரிக்காத பிள்ளை கிடையாது. பெரிய படிப்பாளிகளும் தப்பு செய்து, பிறகு திருத்திக்கொள்வார்கள் என்பதும் அந்தச் சிரிப்போடு சேர்ந்து உள்ளே போய்விடும்.

அதே நேரம், சிரிப்புக்காகப் பொய் வரைவது எனக்குப் பொறுக்காது. டைரனோசரஸ் ஸ்டெகோசரஸைத் துரத்துகிற படத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். ஸ்டெகோசரஸ் வாழ்ந்தது சுமார் 15 கோடி வருடங்களுக்கு முன்னால். டைரனோசரஸ் வந்தது 7 கோடி வருடங்களுக்கும் இந்தப் பக்கம். காலக்கணக்கில் டைரனோசரஸுக்கு ஸ்டெகோசரஸைவிட நாம்தான் கிட்டத்து உறவு. துரத்த முடியாமல் டைரனோசரஸ் காலண்டரைப் பார்த்து அழுகிற மாதிரி வரையுங்கள். சிரிப்பும் வரும், கணக்கும் வரும்.

நம் நாட்டு விஷயம் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். மலையைத் தாண்டினால் பகாங் மாநிலம். அங்கே கிடைத்த ஒரு டைனோசர் பல்லைப் பற்றி மலாயாப் பல்கலைக்கழக ஆய்வுக்குழு 2014-இல் அறிவித்தது. மீன் தின்னும் ஸ்பைனோசர் வகை. பல்லின் நீளம் சுமார் 23 மில்லிமீட்டர், பெரியவர்களின் சுண்டுவிரல் நுனி அளவு. அடுத்த படக்கதை அதைப் பற்றித்தான். பல்லை உண்மையான அளவிலேயே வரைந்து, மீதி உடம்புக்கு இடம் விட்டு, அந்த மேசையில் தாள்கள் வைத்திருக்கிறேன். வண்ணப் பென்சிலும் இருக்கிறது. பிள்ளைகளே, வாங்க. அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரர் எப்படி இருப்பார், அன்றைக்கு என்ன மீன் பிடித்தார் என்று நீங்கள் வரையுங்கள்.