பாதிரியாரின் நாக்கு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். பழைய பிரித்தானியாவின் விசித்திர மனிதர்களில் விஞ்சி நிற்பவர்கள் பிரபுக்களா, பாதிரியார்களா, ஓவியர்களா என்பது தலைப்பு. எங்கள் அணி பாதிரியார்கள் பக்கம்.

ஓவியர் அணி டர்னரைக் கொண்டுவந்தது. 1832இல் ராயல் அகாடமி கண்காட்சியில், பக்கத்தில் கான்ஸ்டபிளின் ஓவியம் ஜொலிப்பதைக் கண்டு, தம்முடைய சாம்பல் நிறக் கடலில் ஒரு சிவப்புப் பொட்டை வைத்துவிட்டுப் போனார் டர்னர். "வந்தார், துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போய்விட்டார்" என்றார் கான்ஸ்டபிள். அழகான கதைதான். ஆனால் அது தொழில் போட்டி, ஐயா! அதில் விசித்திரம் எங்கே இருக்கிறது?

பிரபுக்கள் அணித் தலைவர் நாய் விருந்தைச் சொன்னார். பாரிஸில் வாழ்ந்த எட்டாவது பிரிட்ஜ்வாட்டர் பிரபு, நாய்களுக்குக் காலணி மாட்டி, கழுத்தில் துணி கட்டி, மேசையில் தம்மோடு உட்காரவைத்து விருந்து கொடுத்தார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் அந்தப் பிரபு யார்? ரெவரெண்ட் பிரான்சிஸ் ஹென்றி எகர்ட்டன்! குருப்பட்டம் பெற்றவர். பிரபுப் பட்டம் வந்து சேர்ந்தது 1823இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு. ஆகவே அந்த நாய்கள் அத்தனையும் எங்கள் அணி!

அதோடு நண்பர் நிறுத்தவில்லை. "பாதிரியாருக்கு ஞாயிறு ஒரு நாள் வேலை, ஆறு நாள் ஓய்வு. பொழுது போகாமல் செய்த கூத்துதான் இவர்களுடைய விசித்திரம்" என்றார். என் மற்ற வாதங்களை எல்லாம் ஒதுக்கிவைக்கிறேன், நடுவர் அவர்களே. இதற்குப் பதில் சொல்லாமல் நான் உட்கார மாட்டேன்.

வில்லியம் பக்லாண்டுக்கு ஓய்வா? ஆக்ஸ்போர்டில் பாறையியல் கற்பித்தவர். 1824இல் மெகலோசாரஸை உலகுக்கு அறிவித்தவர். அறிவியல் பெயர் பெற்ற முதல் டைனோசர் அதுதான். 1845இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் டீன், அதாவது தலைமைப் பாதிரியார். இத்தனைக்கும் நடுவில் விலங்குலகம் முழுவதையும் தின்று பார்த்துவிடுவது என்று கிளம்பினார். அகழெலியைவிடக் கேவலமான ருசி கிடையாது என்றார். பிறகு நீல ஈயைத் தின்று பார்த்து, தீர்ப்பை மாற்றிக்கொண்டார்!

வெளிநாட்டுப் பேராலயம் ஒன்றில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். அங்கே கல்தரையில் கரும்புள்ளிகள். புனிதர் ஒருவரின் இரத்தம், எத்தனை துடைத்தாலும் மறுநாள் ஈரமாகவே இருக்கும் என்று காட்டினார்கள். பக்லாண்ட் மண்டியிட்டார். பிரார்த்தனை செய்யப் போகிறார் என்றுதானே நினைப்பீர்கள்? குனிந்தார். தரையை முத்தமிடப் போகிறார் என்றுதானே நினைப்பீர்கள்? நாக்கை நீட்டினார், நக்கினார், எழுந்தார். "இது என்னவென்று எனக்குத் தெரியும். வௌவால் மூத்திரம்!"

இன்னொரு முறை சொல்கிறேன், பின்வரிசையில் இருப்பவர்களுக்காக. மண்டியிட்டார், குனிந்தார், நக்கினார், "வௌவால் மூத்திரம்!" ஐயா, இரத்தம் அல்ல என்று சொல்ல ஒருவருக்குத் துணிச்சல் போதும். வௌவால் என்று சொல்ல வேண்டுமானால், அந்த ருசி முன்பே தெரிந்திருக்க வேண்டாமா? அதற்கு எத்தனை குகைகளில் தவழ்ந்திருக்க வேண்டும்! இதுவா ஓய்வு?

சிரித்தது போதும். கார்ன்வால் கடற்கரைக்கு வாருங்கள். மோர்வென்ஸ்டோ என்ற சிற்றூர். ராபர்ட் ஹாக்கர் அங்கே 40 ஆண்டுகள் பாதிரியார். ஊதா அங்கி, மீனவர் சட்டை, ஒரு செல்லப் பன்றி. உடைந்த கப்பல்களின் பலகைகளைக் கொண்டு பாறை முகட்டில் ஒரு குடில் கட்டி, அதில் உட்கார்ந்து கவிதை எழுதியவர். பைத்தியம் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

ஆனால் அந்தக் கரையில் கப்பல்கள் மோதிக்கொண்டே இருந்தன. அதுவரை ஒதுங்கிய பிணங்களைப் பெரும்பாலும் கரையிலேயே புதைத்துவிடுவார்கள். ஹாக்கர் விடவில்லை. அழுகிய உடல்களைத் தூக்க வந்தவர்களுக்கு நாற்றம் தாங்க ஜின் ஊற்றிக் கொடுத்து, முன்னால் நடந்து, பாறைச் சரிவில் ஏற்றிக்கொண்டுவந்தார். 1842இல் கலிடோனியா என்ற கப்பல் உடைந்தபோது, அதன் கேப்டனையும் மாலுமிகளையும் தம் தேவாலய முற்றத்தில் புதைத்தார். வாளும் கேடயமும் ஏந்திய பெண் உருவம், அந்தக் கப்பலின் முகப்புச் சிலை. அதையே அவர்கள் தலைமாட்டில் நிறுத்தினார். பெயர் தெரியாதவன், ஊர் தெரியாதவன், யார் பெற்ற பிள்ளையோ! தாய் இருந்து அழவேண்டிய இடத்தில் நின்று மண் போட்டவர் அவர். கடல் பிணத்தை ஒதுக்குவதற்கு ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதில்லை, ஐயா!

தர்க்கம் போதும், நடுவர் அவர்களே. "ஆறு நாள் ஓய்வு" என்ற சொல்லை நண்பர் இந்த அவையில் திரும்பப் பெறட்டும். தீர்ப்பை அதன் பிறகு சொல்லுங்கள்.